ஆயிரம் மடங்கு நுண்ணோக்கியும் காயம்பட்ட கழுகும்

பெட்டியில் 'ஆயிரம் மடங்கு' என்று கொட்டை எழுத்தில் இருந்ததை நம்பி வாங்கிய யுஎஸ்பி நுண்ணோக்கி இது. ஆறு மாதமாக அமெரிக்க டாலர் நாணயங்களில் அச்சு வேறுபாடு (அச்சு என்பது உலோகத்தில் உருவத்தை அடித்துப் பதிக்கும் முத்திரை) தேடப் பயன்படுத்துகிறேன். பெயர் வேண்டாம், இதே கருவி பத்துப் பெயர்களில் விற்கிறது.

2000ஆம் ஆண்டு பிலடெல்பியா நாணயச்சாலையில் அடித்த, பழங்குடிப் பெண் சாகஜாவியாவின் உருவம் தாங்கிய சாகஜாவியா டாலரில் 'காயம்பட்ட கழுகு' என்றொரு வகை உண்டு. பின்பக்கத்திலுள்ள கழுகின் உடலுக்குக் குறுக்கே மேடான கோடுகள் ஓடும். அச்சில் விழுந்த பள்ளம்தான் நாணயத்தில் மேடாக எழும்பியிருக்கிறது. என்னிடமிருந்த ஒன்றில் அப்படியொரு கோடு தெரிந்தது. மேடா, பள்ளமா? திரையில் கடைசிவரை தெரியவில்லை. லென்ஸைச் சுற்றியுள்ள வட்ட விளக்கு எல்லாப் பக்கமும் ஒரே சீராக ஒளி பாய்ச்சி நிழலையே அழித்துவிடுகிறது. பொன்னிற உலோகம் வேறு கண்ணைக் கூசவைக்கிறது. விளக்கை அணைத்து, மேசை விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்தேன். பள்ளம்! எங்கோ உரசி வாங்கிய வெறும் கீறல்.

இன்னொரு நாள் நாணயத்திலுள்ள 'லிபர்ட்டி' என்ற சொல்லின் எழுத்தொன்றில் இரட்டை விளிம்பு கண்டு, இரட்டை அச்சு, அதாவது அச்சிலேயே உருவம் இரண்டாகப் பதிந்த வகை, என்று கொண்டாடிவிட்டேன். உருப்பெருக்கத்தைக் குறைத்த பிறகுதான் உறைத்தது: அந்த இரண்டாம் விளிம்பு தட்டையான படிக்கட்டுபோல் தாழ்ந்து கிடந்தது, எழுத்தும் மெலிந்திருந்தது. அடிக்கும்போது அச்சு அசைந்ததன் தடம் அது. உண்மையான இரட்டை அச்சில் இரண்டு உருவமும் உருண்டு எழும்பியிருக்கும், எழுத்தின் முனை பிளந்திருக்கும். அதிக மடங்கில் உலோகத்தின் சொரசொரப்புதான் திரையை நிறைக்கிறது; எழுத்தின் வடிவம் தொலைந்துவிடுகிறது.

1979ஆம் ஆண்டு சூசன் ஆன்டனி டாலரின் அகல விளிம்பு வகைக்கு இதெல்லாம் தேவையே இல்லை. ஆண்டு எண் விளிம்பை ஒட்டி நிற்பது வெறும் கண்ணுக்கே தெரியும். சீரியோஸ் என்ற காலை உணவுத் தானியப் பெட்டிகளில் வைத்துக் கொடுத்த 5,500 சாகஜாவியா டாலர்களில் சிலவற்றின் வால் இறகுகளில் நுண்கோடுகள் இருக்குமே, அதற்கும் நல்ல பத்து மடங்கு கைலென்ஸ் போதும். எனக்கு இன்னும் ஒன்றுகூடச் சிக்கவில்லை என்பது வேறு கதை.

தாங்கி ஆடுகிறது, மேசையில் கை பட்டால் படம் கலைகிறது. திருப்பி அனுப்பலாமா என்றுகூட யோசித்தேன். படம் எடுத்து நண்பர்களுக்குக் காட்ட உதவுவதால் வைத்துக்கொண்டேன். வட்ட விளக்கில் பாதியைக் கறுப்பு டேப் ஒட்டி மறைத்திருக்கிறேன். இப்போது நிழல் விழுகிறது.