தண்ணி குடிச்ச டிராக்டர்: மாதவரம் பக்கம் பழைய வண்டி பார்க்கப் போகிறவர்களுக்கு

போன வாரம் சித்தப்பா மகன் போன் செய்தான். சென்னை மாதவரம் பக்கம் பழைய வண்டி விற்கும் ஒரு யார்டில் 55 எச்பி டிராக்டர் பார்த்திருக்கிறானாம், ஞாயிற்றுக்கிழமை அட்வான்ஸ் கொடுக்கப் போகிறானாம். அடையாளம் கேட்டேன். நான் ஏமாந்த அதே யார்டு! அவனிடம் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன். நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டு வாய்தா ஓடிக்கொண்டிருப்பதால் யார்டின் பெயரை வெளியில் சொல்ல வேண்டாம் என்று வக்கீல் சொல்லிவிட்டார்.

எனக்கு வீடு மணலி புதுநகர். மீஞ்சூர் தாண்டி நாலரை ஏக்கர் நெல். 2024 மார்ச்சில், சொர்ணவாரி நெல் பட்டத்துக்கு முன்னால் பெரிய வண்டி ஒன்று வாங்கினால் வாடகை உழவும் ஓட்டலாம் என்று கணக்குப் போட்டேன். 2023 ஜனவரியில் டிராக்டர் புகை விதி மாறியது. அதன் பிறகு வந்த 50 எச்பிக்கு மேற்பட்ட வண்டிகளில் டீசல் செலுத்துவது பெரும்பாலும் எலக்ட்ரானிக் கட்டுப்பாடு. சென்சார் மக்கர் செய்தால் கம்ப்யூட்டரோடு ஆள் வர வேண்டும். அதனால் பழைய பம்பு மாடலே போதும் என்று இருந்தேன். என்னைப் போல நினைப்பவர்கள் நிறைய பேர் என்பது யார்டுக்காரருக்கும் தெரியும்.

2019 மாடல், டபுள் கிளட்ச், ஆயில் பிரேக், பவர் ஸ்டியரிங். விலை 5,40,000. நானும் ஒன்றும் தெரியாதவன் இல்லை. ஆர்சியை ஆன்லைனில் பார்த்தேன், கடன் நீக்கியிருந்தது, சேசிஸ் நம்பர் ஒத்துப்போனது. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து இன்ஜின் புகை தள்ளுகிறதா என்று பார்த்தேன். இல்லை. “எவ்ளோ வேணா ஓட்டிப் பாருங்கண்ணே” என்றார் யார்டுக்காரர். ஓட்டினேன். அருமையாக இழுத்தது. “பார்த்து, திருப்தியாகி, உள்ளது உள்ளபடி பெற்றுக்கொண்டேன்” என்ற தாளில் கையெழுத்தும் போட்டேன்.

கேஜ் வீல் என்கிற இரும்புச் சக்கரம் மாட்டிச் சேற்றில் இறக்கி 60 மணி நேரம்கூட ஆகியிருக்காது. முதலில் பிரேக் கரகரத்தது. அப்புறம் பின்னால் மாட்டிய ரோட்டவேட்டரை (மண்ணைக் கிளறும் கருவி) தூக்கி நிறுத்தினால் தானாக இறங்க ஆரம்பித்தது. மூன்றாவது நாள் பின்பக்கம் ஊளைச் சத்தம். செங்குன்றத்திலிருந்து வந்த மெக்கானிக் பாய் அடியில் இருந்த டிரெயின் பிளக்கை, அதாவது ஆயில் வடிக்கும் திருகைக் கழற்றினார். வந்தது கியர் ஆயில் இல்லை, பால் டீ. விரலில் தேய்த்துப் பார்த்தால் நறநறவென்று வண்டல். “தம்பி, இது தண்ணி குடிச்ச வண்டி” என்றார்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் முங்கிய வண்டி அது. அந்த வெள்ளத்தில் எங்கள் வீட்டிலும் பிரிட்ஜ் மிதந்தது; கருப்பு எண்ணெய்ச் சேற்றை நான்கு நாள் தேய்த்துக் கழுவினோம். அதே சேறுதான் இந்த வண்டியின் டேஷ்போர்டுக்குப் பின்னால் கோடு போட்டிருந்தது. கண்ணெதிரில் இருந்தும் எனக்குத் தெரியவில்லை.

இந்த மாதிரி வண்டிகளில் கியர், ஹைட்ராலிக், ஆயில் பிரேக் மூன்றுக்கும் ஒரே ஆயில்தான், 40 லிட்டருக்கு மேல் பிடிக்கும். இன்ஜினைச் சரி செய்துவிட்டு இதை ஒரே ஒரு தடவை மாற்றியிருக்கிறார்கள். அச்சுக் குழாயின் மூலையில் தங்கிய தண்ணீர் மெல்ல மெல்லக் கலந்து மூன்றையும் ஒன்றாகக் கெடுத்துவிட்டது. செலவு 1,35,000. சொர்ணவாரி பாதி போச்சு. யார்டுக்காரர் கையெழுத்துத் தாளை நீட்டினார், “மனசு கேக்கலண்ணே” என்று 10,000 தருவதாகவும் சொன்னார். வாங்கவில்லை.

இதையெல்லாம் வாங்கும்போதே கண்டுபிடித்திருக்கலாம் என்பதுதான் எரிச்சல். இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் டிரெயின் பிளக்கைக் கொஞ்சமாகத் தளர்த்தினால், ஆயிலைவிடத் தண்ணீர் கனமென்பதால் அதுதான் முதலில் சொட்டும். நான் போனபோது வண்டி ஏற்கெனவே சூடாக இருந்தது, அதையாவது கவனித்திருக்க வேண்டும். புது பெயிண்ட் கிரீஸ் அடிக்கும் நிப்பிள் மேலும் ரப்பர் ஹோஸ் மேலும் படிந்திருந்தது. சீட்டுக்கு அடியில் போல்ட்டெல்லாம் துரு. மீட்டர் மட்டும் புதுசு, 1,900 மணி நேரம் காட்டியது. பெடல் ரப்பரோ வழுவழுவென்று தேய்ந்திருந்தது. இன்ஷூரன்ஸ் தாளில் நோ கிளைம் போனஸ் (இழப்பீடு கேட்காத வருடங்களுக்குக் கிடைக்கும் தள்ளுபடி) பூஜ்யம். ஐந்து வருட வண்டிக்கு ஏன் பூஜ்யம் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பேப்பர் சுத்தமாக இருந்த சந்தோஷத்தில் அந்த வரி கண்ணில் படவே இல்லை.

இன்னொன்று. 2025 செப்டம்பர் 22 முதல் புது டிராக்டருக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டது. புது வண்டிக்கு வரி குறைந்தால் பழைய வண்டி விலையும் இறங்க வேண்டும்; தம்பிக்குச் சொன்ன விலை பழைய கணக்கிலேயே இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை அவனோடு நானும் போகிறேன், ஆனால் வேறு யார்டுக்கு. மணலி, மாதவரம் பக்கம் யாராவது வண்டி பார்க்கப் போவதாக இருந்தால் சொல்லுங்கள், காலை ஆறு மணிக்கு வரத் தயார். பிளக் கழற்றும் ஸ்பானர் இப்போது பைக் பெட்டியிலேயே கிடக்கிறது.