அரைநிழலுக்குச் சங்குப்பூவா, ரங்கூன் மல்லியா?

காலையில் 4 அல்லது 5 மணி நேரம் மட்டும் வெயில் விழும் கிழக்குச் சுவரோரத்தில் இவ்விரு பல்லாண்டுக் கொடிகளும் வளரும். சங்குப்பூ விதையை இரவு முழுவதும் ஊறவைத்து ஊன்றினால் எளிதில் முளைக்கும்; வேர் முடிச்சுகள் தழைச்சத்தைச் சேர்ப்பதால் உரச்செலவும் குறைவு. ஆனால், நிழல் கூடக்கூடப் பூ அருகிவிடும்.

ரங்கூன் மல்லியோ, மாலையில் வெண்ணிறமாக விரிந்து, அடுத்தடுத்த நாள்களில் இளஞ்சிவப்பாகிப் பின் அடர்சிவப்பாக மாறுவதால், ஒரே கொத்தில் மூன்று நிறங்களும் சேர்ந்து தொங்கும். அதன் இரவு மணத்தைத் தேடி அந்துப்பூச்சிகள் வரும். கனத்துப் படரும் அக்கொடியை மூங்கில் தட்டி தாங்காது, இரும்புப் பந்தல்தான் வேண்டும். புதுத் தளிரில் பூப்பது என்பதால், பூத்து ஓய்ந்ததும் கத்தரிக்கத் தயங்கக் கூடாது. வாசல் வளைவுக்கு என் தேர்வு இதுவே. தொட்டியும் சன்னல் கம்பியும் மட்டும் உள்ளவர்கள் சங்குப்பூவை வைக்கலாம்.