12,000 லூமன்ஸ், மூன்று நிமிடம்

ஞாயிறு விடியற்காலை 5 மணிக்கு மூன் கேட் பாதையில் பினாங்குக் கொடிமலை ஏறுகிறவள் நான். வேரும் வழுக்குக் கல்லுமாக இருக்கும் இருட்டுப் பாதை அது. அதற்காகத்தான் 189 வெள்ளி கொடுத்து இந்த டார்ச் லைட்டை இணையத்தில் வாங்கினேன். பெட்டியில் ‘12,000 லூமன்ஸ், 4 மணி நேரம்’ என்று பெரிதாகப் போட்டிருந்தது. லூமன்ஸ் என்பது விளக்கு தரும் மொத்த வெளிச்சத்தின் அளவு.

முதல் வெளிச்சம் உண்மையிலேயே அசத்தியது, மரத்தின் உச்சிக்கிளை வரை பளிச்சென்று தெரிந்தது. முதல் படிக்கட்டு முடிவதற்குள் மங்கிவிட்டது. பின்னால் வந்த மாமா, “என்னம்மா, பேட்டரி முடிஞ்சுபோச்சா?” என்றார். பேட்டரி நிறையத்தான் இருந்தது. பிடித்த கைதான் சுட்டது.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன், அளந்து பார்க்காமல் விட மனம் வரவில்லை. வீட்டு ஸ்டோர் அறையை இருட்டாக்கி, விளக்கைக் கூரை நோக்கி நிறுத்தி, தரையில் லக்ஸ் மீட்டரை (ஓரிடத்தில் விழும் வெளிச்சத்தை அளக்கும் கருவி) வைத்தேன். ஒப்பிட என்னுடைய பழைய 1,000 லூமன்ஸ் விளக்கு: 62 லக்ஸ். புதியது போட்டவுடன் 210, ஒரு நிமிடத்தில் 150, மூன்றாம் நிமிடம் 70, பத்தாம் நிமிடம் 48. பழையது பத்தாம் நிமிடத்தில் 46! உச்சத்தில்கூடச் சுமார் 3,400 லூமன்ஸ்தான் வந்திருக்கிறது. விளக்கின் தலைப்பகுதியின் சூடு 54 டிகிரி செல்சியஸ்.

கணக்குப் போட்டாலே விஷயம் தெரிந்துவிடும். உள்ளே இருப்பது 21700 என்ற அளவுள்ள ஒரே ஒரு லித்தியம் பேட்டரி. 5,000 மில்லி ஆம்பியர் மணி, 3.6 வோல்ட், அதாவது 18 வாட் மணி. இவ்வளவு அழுத்தி எரிக்கும்போது ஒரு வாட்டுக்கு 100 லூமன்ஸ் கிடைத்தால் நல்லது என்று வைத்தாலும், 12,000 லூமன்ஸுக்கு 120 வாட் வேண்டும். பேட்டரி ஒன்பது நிமிடம்கூடத் தாங்காது. அதில் பாதிக்கு மேல் வெப்பமாகத்தான் மாறும். உள்ளங்கை அளவு அலுமினியக் குழாய், காற்றசையாத இடத்தில், ஆறேழு வாட் வெப்பத்தைத்தான் நிம்மதியாக வெளியே விடும். நம் ஊர்ப் புழுக்கத்தில் அதுவும் சிரமம்.

ஆகவே சூடேறியதும் விளக்கு தானாகவே வெளிச்சத்தைக் குறைப்பது குற்றமில்லை, எல்.இ.டியையும் பேட்டரியையும் நம் கையையும் காப்பாற்றும் ஏற்பாடு அது. இந்த விளக்கில் அது ஒழுங்காகவே வேலை செய்கிறது. திருகு மரைகள் சுத்தம், மழையில் நனைந்தும் தண்ணீர் இறங்கவில்லை. என் கோபமெல்லாம் பெட்டியின் மேல்தான். டார்ச் விளக்குகளுக்கான எஃப்.எல்.1 தர அளவின்படி, சுவிட்ச் போட்டு 30 விநாடி கழித்துத்தான் லூமன்ஸை அளக்க வேண்டும். வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகும் வரை எரியும் நேரமே ‘எரியும் நேரம்’. 4 மணி நேரம் என்றால் 4 மணி நேரமும் அதே வெளிச்சம் என்று என்னைப் போல் நம்பிவிடாதீர்கள். என் பெட்டியில் எஃப்.எல்.1 முத்திரையே இல்லை. வாங்குமுன் அதைப் பார்த்திருக்க வேண்டும்.

வாங்க நினைப்பவர்கள் விற்பவரிடம் நேர-வெளிச்ச வரைபடம் கேளுங்கள். அதில் பத்தாம் நிமிடத்துக்குப் பிறகு கோடு எங்கே நிற்கிறதோ, அந்த வெளிச்சத்துக்குத்தான் காசு கொடுக்கிறோம். வரைபடத்தின் கீழே மின்விசிறி வைத்து அளந்ததாகக் குறிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள், விசிறிக் காற்று சூட்டைக் குறைத்து வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டிவிடும்.

நான் இப்போது விளக்கை நடுத்தர வெளிச்சத்தில் வைத்துத்தான் மலையேறுகிறேன். உச்ச வெளிச்சம், பாதையில் ஏதோ சலசலத்தால் பத்து விநாடி அடித்துப் பார்க்க. 90 வெள்ளி என்றால் தாராளமாக வாங்கச் சொல்வேன், 189 அதிகம்.