எஃப்.ஓ.பி., எஃப்.சி.ஏ., சி.ஐ.எஃப்., டி.டி.பி.: யாழ்ப்பாணத்துச் சரக்குக்கு எது பொருந்தும்?

ஒடியல் மா, பனங்கட்டி, மிளகாய்த்தூள், பனையோலைப் பெட்டி என்று எதை அனுப்பினாலும், யாழ்ப்பாணத்திலிருந்து போகும் விலைக்கூற்றுகளில் பெரும்பாலும் ஒரே வரிதான்: "எஃப்.ஓ.பி. கொழும்பு", அதாவது கொழும்பில் கப்பலில் ஏற்றிக் கொடுக்கும் விலை. சுங்கத்துக்குக் கொடுக்கும் கஸ்டெக்கில் (சுங்கப் பிரகடனப் பத்திரத்தில்) ஏற்றுமதிப் பெறுமதியை எஃப்.ஓ.பி. கணக்கில் காட்ட வேண்டும். அங்கே எழுதிப் பழகிய கை இன்வொய்ஸிலும் அதையே எழுதிவிடுகிறது. ஐம்பது பெட்டி, நூறு பெட்டி என்று அனுப்புகிறவருக்கு அந்த வரி பொருந்தாது.

எஃப்.ஓ.பி. போன்ற இந்த மூன்றெழுத்து வர்த்தக விதிகளுக்கு இன்கோடேர்ம்ஸ் என்று பெயர். இவற்றை வெளியிடுவது பாரிஸிலுள்ள சர்வதேச வர்த்தகச் சம்மேளனம். முதற்பதிப்பு 1936 இல் வந்தது. இப்போது நடைமுறையில் இருப்பது இன்கோடேர்ம்ஸ் 2020. மொத்தம் 11 விதிகள். அவற்றில் 7 எந்தப் போக்குவரத்துக்கும் பொருந்தும், எஃப்.ஓ.பி., சி.ஐ.எஃப். உட்பட 4 கப்பலுக்கு மட்டுமானவை. செலவு யாருடையது, நட்டப்பொறுப்பு எந்த இடத்தில் கைமாறுகிறது, பத்திர வேலைகள் யாருக்கு என்பவற்றை இவை தீர்க்கும். சரக்கின் உரிமை எப்போது மாறும், காசு எப்போது வரும் என்பவற்றை இவை சொல்லமாட்டா. அவற்றைத் தனியாக எழுதிக்கொள்ள வேண்டும்.

எஃப்.ஓ.பி. எதிர் எஃப்.சி.ஏ.

எஃப்.ஓ.பி. யில் சரக்கு கப்பலில் ஏறும் வரைக்கும் நட்டம் விற்பவருக்கு. எஃப்.சி.ஏ. யில், வாங்குபவர் குறித்துக் கொடுத்த ஃபோர்வர்டரிடம் (சரக்கை அனுப்பிவைக்கும் முகவரிடம்) சொன்ன இடத்தில் ஒப்படைத்ததும் விற்பவரின் பொறுப்பு முடிகிறது.

அச்சுவேலியிலிருந்து 100 பெட்டி பனங்கட்டி இரவு லொறியில் புறப்படுகிறது என்று வைப்போம். ஏறத்தாழ 400 கிலோமீற்றர் ஓடி, காலையில் கொழும்பில் ஃபோர்வர்டரின் களஞ்சியத்தில் இறங்கும். கப்பல் அடுத்த வாரம்தான். அதுவரை பெட்டிகள் பிறர் சரக்கோடு தரையில் கிடக்கும். ஃபோர்க்லிஃப்டின் முள் ஒரு பெட்டியைக் குத்தலாம், கூரை ஒழுகலாம். எல்.சி.எல். கொள்கலனுக்குள், அதாவது பலரின் சரக்கு சேர்ந்து போகும் கொள்கலனுக்குள், ஏற்றும்போது இன்னொருவரின் கனமான மரப்பெட்டி மேலே அமரலாம். பிறகு கொள்கலன் துறைமுக முற்றத்தில் காத்துக் கிடக்கும். எஃப்.ஓ.பி. என்று எழுதியவர் இந்த நாட்கள் அத்தனைக்கும் பொறுப்பு. ஆனால் களஞ்சியச் சாவி அவரிடம் இல்லை. கப்பலில் ஏறுமுன் கொள்கலன் முனையத்தில் கையளிக்கப்படும் சரக்குக்கு எஃப்.ஓ.பி. பொருந்தாது, எஃப்.சி.ஏ. யைப் பாவியுங்கள் என்று விதிநூலே வழிகாட்டுகிறது.

எஃப்.சி.ஏ. யில் இடத்தின் பெயரைத் துல்லியமாக எழுதுவது முக்கியம். விற்பவரின் சொந்த வளாகம் என்றால், வாங்குபவர் அனுப்பிய வாகனத்தில் ஏற்றிக் கொடுப்பது விற்பவர் வேலை. வேறு இடம் என்றால் லொறி இறக்குவதற்குத் தயாராக அங்கே போய் நின்றால் போதும். இறக்கு கூலி விற்பவருடையதல்ல. "எஃப்.சி.ஏ. கொழும்பு" என்று மட்டும் எழுதினால் களஞ்சிய வாசலில் இந்தக் கூலிக்காகத் தர்க்கம் வரும். ஒப்படைக்கும்போது பெட்டி எண்ணிக்கை, நிலை, நேரம் எழுதிய ரசீதை வாங்காமல் சாரதி திரும்பக்கூடாது. நட்டப்பொறுப்பு மாறியதற்கு அந்தக் கடதாசிதான் சாட்சி.

எஃப்.சி.ஏ. க்கு ஒரு பலவீனம் இருந்தது. நாணயக் கடிதம் (எல்.சி., வாங்குபவரின் வங்கி தரும் கொடுப்பனவு உறுதி) மூலம் காசு பெறும்போது, கப்பலில் ஏற்றியாயிற்று என்ற குறிப்புள்ள பில் ஒஃப் லேடிங்கை (கப்பல் கம்பனி தரும் சரக்குப் பத்திரத்தை) வங்கி கேட்கும். ஒப்படைப்போ அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. 2020 பதிப்பு இதற்கு வழி வைத்தது: அந்தக் குறிப்போடு பில்லை விற்பவருக்குக் கொடுக்கும்படி வாங்குபவர் தன் போக்குவரத்துக்காரருக்கு அறிவுறுத்தலாம் என்று இருவரும் உடன்படலாம். தானாக வராது, ஒப்பந்தத்தில் எழுத வேண்டும்.

முனையக் கட்டணம், அதாவது துறைமுக முனையத்தில் கொள்கலனைக் கையாளும் கட்டணம், பற்றியும் ஒன்று. 2014 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த இலங்கை ஒழுங்குவிதியின்படி, கப்பற்கூலி செலுத்தாத தரப்பிடம் அதைத் தனியாக அறவிடக் கூடாது. வாங்குபவர் கூலி கட்டும் சரக்குக்கு அப்படியொரு கட்டணம் பில்லில் வந்தால், எந்த விதியின் கீழ் என்று ஃபோர்வர்டரிடம் எழுத்தில் கேளுங்கள்.

சி.ஐ.எஃப். எதிர் சி.ஐ.பி.

"ரொறன்ரோ வரைக்கும் சேர்த்து விலை சொல்லுங்கோ" என்று வாங்குபவர் கேட்டால் உடனே "சி.ஐ.எஃப். ரொறன்ரோ" என்று எழுதிவிடுகிறார்கள். சி.ஐ.எஃப். என்பது பொருள் விலையோடு காப்புறுதியும் கப்பற்கூலியும் சேர்ந்தது; அது துறைமுகத்துக்குத்தான். ஆசியாவிலிருந்து போகும் கொள்கலன் கப்பல்கள் ரொறன்ரோவுக்குப் போவதில்லை. பெட்டி ஹலிஃபக்ஸ், மொன்றியல் அல்லது வான்கூவரில் இறங்கி, ரயிலிலோ லொறியிலோ உள்ளே போகும். அந்தத் தரைவழிக் கூலி யாருக்கு என்ற சண்டை இந்த ஒரு வரியில்தான் தொடங்குகிறது. உள்நாட்டு நகரம் வரை கூலி கட்டுவதென்றால் "சி.ஐ.பி. ரொறன்ரோ". துறைமுகம் வரைதான் என்றால் "சி.ஐ.எஃப். மொன்றியல்".

இரண்டிலும் ஒரு பொறி உண்டு: ரொறன்ரோ வரை கூலி கட்டினாலும் நட்டப்பொறுப்பு கொழும்பிலேயே கைமாறிவிடும். சி.ஐ.எஃப். என்றால் கப்பலில் ஏறியதும், சி.ஐ.பி. என்றால் முதல் போக்குவரத்துக்காரரிடம் கொடுத்ததும். வாங்குபவருக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுவதே நேர்மை.

காப்புறுதியில் வித்தியாசம் பெரிது. இரண்டிலும் ஒப்பந்தப் பெறுமதியின் 110 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. 8,000 டொலர் சரக்கென்றால் 8,800. ஆனால் சரக்குக் காப்புறுதி வகைகளில் சி.ஐ.எஃப். க்குக் குறைந்தபட்சம் "சி" வகை போதும், சி.ஐ.பி. க்கு "ஏ" வகை வேண்டும். "சி" வகை தீ, கப்பல் மூழ்குதல், மோதல், லொறி கவிழ்தல் போன்ற பெரும் விபத்துகளுக்கு மட்டும். களவு போனால் இல்லை, கொள்கலனுக்குள் தண்ணீர் புகுந்தால் இல்லை, பெட்டி நசிந்தால் இல்லை. சிறு சரக்குக்கு உண்மையில் நடப்பவை இவைதான். "ஏ" வகை இவற்றையும் மூடும். சி.ஐ.எஃப். என்றே விலை சொன்னாலும் "ஏ" வகையை எடுங்கள்.

"ஏ" வகையும் எல்லாவற்றுக்கும் பணம் தராது. பொருளின் இயல்பால் வரும் கேடும், போதாத பொதியிடலும் விலக்கு. பனங்கட்டி ஈரத்தை இழுத்துக் கசிவது இந்த விலக்கில் விழும். வெக்கையான கொழும்பிலிருந்து குளிர்நாட்டுக்குப் போகும் கொள்கலனின் கூரையில் நீர் வியர்த்துச் சொட்டும். ஆகவே ஒவ்வொரு கட்டியையும் காற்றுப் புகாமல் ஒட்டி, பெட்டிக்குள் தடித்த பொலித்தீன் உறை போட்டு, ஈரம் உறிஞ்சும் பைகள் வைத்து, பலகைத் தட்டில் ஏற்றுவதுதான் அதற்கான காப்புறுதி. மரத்தட்டு என்றால் 56 பாகை செல்சியஸில் 30 நிமிடம் சூடேற்றிய, அல்லது ஏற்கப்பட்ட வேறு முறையில் பதப்படுத்திய முத்திரை வேண்டும். முத்திரையில்லாத தட்டை அங்கே திருப்பிவிடுவார்கள்.

கூலி மட்டும் சேர்ந்த, காப்புறுதியே இல்லாத சி.எஃப்.ஆர். மலிவாகத் தெரியும். 2024 மார்ச்சில் பால்டிமோர் பாலத்தில் மோதிய டாலி கப்பல் கொழும்புக்கு வரவிருந்தது. அதன் உரிமையாளர்கள் பொதுச் சராசரி அறிவித்தார்கள், அதாவது கப்பலையும் சரக்கையும் காப்பாற்றும் செலவைச் சரக்குக்காரர் எல்லோரும் பகிர வேண்டும் என்றார்கள். அப்படி அறிவித்தால், சேதமே இல்லாத சரக்கின் சொந்தக்காரரும் பிணை கட்டித்தான் பெட்டியை எடுக்க முடியும். காப்புறுதி இருந்தால் அந்தப் பிணையைக் கம்பனி கொடுக்கும். இல்லாவிட்டால் சரக்கை எடுக்கவே கைக்காசு போகும்.

கனடா சுங்கம் தீர்வைக்குச் சர்வதேசக் கப்பற்கூலியைச் சேர்ப்பதில்லை, பிரித்தானியா சேர்க்கும். ஆகவே கனடாவுக்குப் போகும் இன்வொய்ஸில் பொருள் விலை, கூலி, காப்புறுதி மூன்றையும் தனித்தனி வரிகளாகக் காட்டுங்கள். ஒரே தொகையாக எழுதினால் வாங்குபவர் கூலிக்கும் தீர்வை கட்ட நேரலாம்.

எல்.சி.எல். கூலி ஆச்சரியப்படும்படி மலிவாக வந்தால் சந்தேகப்படுங்கள். கொழும்பில் குறைத்ததை அங்குள்ள களஞ்சியக் கட்டணத்தில் எடுத்துவிடுவார்கள்; அடி வாங்குவது உங்கள் வாடிக்கையாளர். இறங்குமிடக் கட்டணப் பட்டியலையும் சேர்த்துத் தரச் சொல்லி, அதன் பிறகே ஃபோர்வர்டர்களை ஒப்பிடுங்கள்.

இரு முனைகள்: எக்ஸ் வேர்க்ஸ், டி.டி.பி.

எக்ஸ் வேர்க்ஸில் விற்பவர் தன் கதவடியில் சரக்கை வைத்தால் போதும். ஏற்றுமதிச் சுங்க வேலை வாங்குபவருக்கு. வெளிநாட்டிலிருப்பவரிடம் இங்கே வரி இலக்கம் இராது, கஸ்டெக் போட முடியாது. கடைசியில் அது விற்பவர் பெயரிலேயே போகும், விலையில் மட்டும் அந்தச் செலவு இராது. கொழும்பு ஏற்றுமதியாளர் லொறியோடு வந்து சுன்னாகத்தில் எடுத்துப் போவதென்றால் எக்ஸ் வேர்க்ஸ் சரியானது. வேறெதற்கும் வேண்டாம்.

டி.டி.பி. மறுமுனை: தீர்வை, வரி, இறக்குமதி அனுமதி, வாசல் வரை எல்லாம் விற்பவர் தலையில். வெளிநாட்டு உறவினர்கள் கடை திறந்ததும் கேட்பது இதைத்தான். கனடாவில் உணவு இறக்குமதி செய்ய உரிமம் வேண்டும். லேபல் ஆங்கிலம், பிரெஞ்சு இரண்டிலும் இருக்க வேண்டும். சுங்கம் பெட்டியை நிறுத்தினால் களஞ்சிய வாடகை நாளாந்தம் ஏறும், இங்கிருந்து ஒன்றும் செய்ய முடியாது. வாசல் வரை தரத்தான் வேண்டுமென்றால் டி.ஏ.பி. யில் நில்லுங்கள்: கூலி உங்களுடையது, சுங்கமும் வரியும் அவருடையவை.

கடலா, வானா

காங்கேசன்துறையில் வழக்கமான கொள்கலன் சேவை இல்லை. கடல் என்றால் கொழும்பு, வான் என்றால் கட்டுநாயக்க. கூலிக் கணக்கு இரண்டிலும் வேறு. எல்.சி.எல். இல் ஒரு கன மீற்றரா, 1,000 கிலோவா, எது கூடவோ அதற்கு. வானில் நீளம், அகலம், உயரம் சென்ரிமீற்றரில் பெருக்கி 6,000 ஆல் வகுத்து, வரும் கிலோவையும் நிறுத்த கிலோவையும் ஒப்பிட்டுக் கூடியதற்கு.

பனங்கட்டிப் பெட்டி 40×30×30, நிறை 15 கிலோ: வகுத்தால் 6, ஆகவே 15 க்குக் கூலி. பனையோலைப் பெட்டிகள் அடைத்த 60×40×40 பெட்டி 5 கிலோதான், வகுத்தால் 16. 11 கிலோ காற்றுக்குக் காசு கட்டுகிறீர்கள். ஒன்றுக்குள் ஒன்று அடங்கும்படி அளவுகளைப் பின்னினால் அதே கூலிக்கு இரண்டு மடங்கு போகும். கடலில் 100 பனங்கட்டிப் பெட்டி 3.6 கன மீற்றர், 1.5 தொன், 3.6 க்குத்தான் கூலி.

முழுக் கொள்கலனை யாழ்ப்பாணத்துக்கு இழுத்து ஏற்றுவதென்றால் போக வர 800 கிலோமீற்றருக்கு வாடகை. வெறுங்கொள்கலனைச் சலுகை நாட்களுக்கு மேல் வைத்திருந்தால் டிடென்ஷன், ஏற்றிய கொள்கலன் துறைமுகத்துக்குள் தங்கினால் டெமரேஜ்; இரண்டும் தனித்தனிப் பில்கள். 20 அடிக் கொள்கலன் நிரம்பாத சரக்கை லொறியில் அனுப்பிக் கொழும்பில் ஏற்றுவதே நல்லது.

அடுத்த விலைக்கூற்றில் இப்படி எழுதுங்கள்: "எஃப்.சி.ஏ., ஃபோர்வர்டர் களஞ்சியத்தின் முழு முகவரி, கொழும்பு, இன்கோடேர்ம்ஸ் 2020, இறக்கு கூலி வாங்குபவருக்கு". பதிப்பு ஆண்டை விடாதீர்கள். ஃபோர்வர்டரின் பெயரை வாங்குபவர் எழுத்தில் உறுதி செய்யும் வரை லொறியைப் புறப்பட விடாதீர்கள்.