டைட்டானியம் என்று சொல்லி செம்புச் சில்லர்: ரூ. 1,42,000 போனது

மீன் தொட்டித் தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர் மெஷினை எங்களுக்கு விற்ற கடைக்காரர் நேற்று சாயங்காலம் பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டார். சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். சென்னையில் வீட்டில் கடல்நீர் மீன் தொட்டி வைக்க நினைப்பவர்கள் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள். எனக்குப் போனது ரூ. 1,42,000. மகளின் ஆசைக்காக இரண்டு வருஷமாகச் சேர்த்த பணம்.

கடைப் பெயரை இங்கே எழுதவில்லை, புகார் கொடுக்கப்போகிறேன். மரைன் தொட்டி, அதாவது கடல்நீர்த் தொட்டி மட்டும் செய்யும் கடை, வீட்டுக்கே வந்து அமைத்துத் தருவார்கள். அவ்வளவு போதும்.

அந்த ஆளை நான் நம்பியதற்குக் காரணம் இருக்கிறது. முதல் நாளே மீன் கேட்டோம். "இன்னிக்குக் கேட்டா தர மாட்டேன் சார். மீன் கழிவுல வர்ற அமோனியாவைத் தின்னுற பாக்டீரியா வளர 4லேருந்து 6 வாரம் ஆகும். அதுக்கு முன்னாடி மீன் விட்டா செத்துடும்" என்றார். தன் கடைத் தொட்டியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் எடுத்து உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் விட்டு, என் மகளிடம் நீட்டி, "பாரும்மா, 1.025, இதுதான் கடல் உப்பு" என்று காட்டினார். பவளம் பற்றிக் கேட்டதற்கு, கல் பவளமெல்லாம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் வருகிறது, மன்னார் வளைகுடாவிலிருந்து திருட்டுத்தனமாகக் கொண்டுவந்து விற்பவர்கள் பக்கமே போகாதீர்கள், செயற்கைக் கல் போதும் என்றார். எல்லாமே சரியான பேச்சு. விற்க வந்த பொருளையே வேண்டாம் என்று சொல்கிறவரை யார்தான் சந்தேகப்படுவார்கள்?

அப்புறம்தான் சில்லர். சென்னை வெயிலில் சில்லர் இல்லாமல் முடியாது என்றார். அதுவும் உண்மைதான். தண்ணீர் 25, 26 டிகிரியில் நிற்க வேண்டும். மே மாதம் எங்கள் மாடி வீட்டில் குழாய்த் தண்ணீரே கொதிக்கும். "உள்ள டைட்டானியம் காயில் சார், உப்புத் தண்ணி ஒண்ணும் பண்ணாது" என்று மேலே ஒட்டியிருந்த ஸ்டிக்கரைத் தட்டிக் காட்டினார். சில்லருக்கு மட்டும் ரூ. 48,000. தொட்டி, சம்ப் (ஃபில்டர் வைக்கும் கீழ்த் தொட்டி), ஸ்கிம்மர் (அழுக்கை நுரையாகப் பிரிப்பது), லைட், கல், மணல், உப்பு, ஆர்ஓ செட் எல்லாம் சேர்த்து ரூ. 1,42,000. கையால் எழுதிய எஸ்டிமேட் சீட்டுதான் கொடுத்தார். ஜிஎஸ்டி பில் வாட்ஸ்அப்பில் வரும் என்றார். இன்றுவரை வரவில்லை.

அவர் சொன்னபடியே காத்திருந்தோம். அமோனியா பூஜ்யம், நைட்ரைட் பூஜ்யம் என்று பார்த்த பிறகுதான் இரண்டு கோமாளி மீன், நத்தைகள், முதுகில் வெள்ளைக் கோடு ஓடும் இரண்டு சிவப்பு இறால் எல்லாம் அவரிடமே வாங்கி விட்டோம். சில நாளில் நத்தைகள் கண்ணாடியிலிருந்து ஒவ்வொன்றாகக் கழன்று மணலில் மல்லாந்து விழுந்தன. நிமிர்த்தி வைத்தால் மறுபடி விழும். இறால் ஒன்று கல்லுக்கு அடியில் சாய்ந்து கிடந்தது, கால் மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. மகள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு அழ ஆரம்பித்தாள். ஆனால் மீன் இரண்டும் நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டு சுற்றின.

மீன் பிழைத்து, இறாலும் நத்தையும் மட்டும் சாகிறது என்றால் தண்ணீரில் செம்பு இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொன்னார் மீன் வளர்க்கும் நண்பர் ஒருவர். மீன் நோய்க்கு செம்பு மருந்தே கொடுப்பார்கள், மீன் ஓரளவு தாங்கும். இறால், நத்தை, பவளத்துக்கு அது விஷம். டெஸ்ட் கிட் வாங்கிப் பார்த்தோம், செம்பு இருக்கிறது என்றே காட்டியது. தெரிந்த ஏசி மெக்கானிக்கைக் கூப்பிட்டு சில்லரைப் பிரித்தோம். உள்ளே முழுக்கச் செம்புக் குழாய், மேலே பச்சைக் களிம்பு. பித்தளைக் குடத்தை உப்புப் புளி போடாமல் விட்டது போல இருந்தது. "சார், இது குடிதண்ணி கூலர்ல போடுற காயிலு, கடல் தண்ணிக்கு யார் போட்டா?" என்றார் மெக்கானிக்.

இதற்கப்புறம் கடைக்காரர் ஆடிய ஆட்டம்தான் தாங்கவில்லை. முதலில், "மெட்ரோ வாட்டர் ஊத்தியிருப்பீங்க." ஆர்ஓ செட் அவரே விற்றது, தண்ணீரில் கரைந்த உப்புகளை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் பூஜ்யம் காட்டியதைப் படம் எடுத்து அனுப்பினேன். அடுத்து, "இறால்னா சாகத்தான் சார் செய்யும், நாலு புதுசு தர்றேன்." அதே விஷத்தில் விடவா? அப்புறம், "பையன் வருவான்" என்று ஒரு வாரம் இழுத்தார். பையன் வரவில்லை. என் நம்பரை எடுப்பதை நிறுத்திவிட்டார். மனைவி நம்பரிலிருந்து போட்டால் எடுப்பார், பேர் சொன்னதும் கட். நேற்று என் தம்பி போனிலிருந்து பேசியபோது, "டைட்டானியம்னு நான் எப்ப சொன்னேன்? ஸ்டிக்கர் கம்பெனி ஒட்டுனது, கம்பெனியைக் கேளுங்க. வேணும்னா ஒரிஜினல் டைட்டானியம் ஒண்ணு இருக்கு, உங்களுக்காக 60 ஆயிரத்துக்குத் தர்றேன்" என்றார். எங்கள் ரூ. 48,000-ஐப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. திருப்பிக் கேட்டதும் லைன் கட்.

சில்லரோடு முடியவில்லை. கல்லும் மணலும் செம்பை உறிஞ்சி வைத்துக்கொண்டு பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும். அதனால் அந்தக் கல், மணல் எதையும் இனி இறால் தொட்டியில் போட முடியாது. ஆகவே ரூ. 1,42,000 என்கிறேன். மீன்களை நண்பர் வீட்டுத் தொட்டிக்கு மாற்றிவிட்டோம்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. சில்லர் வாங்கினால் மாடல் நம்பரும் "டைட்டானியம் காயில்" என்ற வார்த்தையும் ஜிஎஸ்டி பில்லில் எழுதி வாங்குங்கள், எழுத மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். பணம் முழுசாக முன்னாடி கொடுக்காதீர்கள். இறால் விடுவதற்கு முன்னால் செம்பு டெஸ்ட் செய்யுங்கள். ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் கூப்பிடுங்கள், நானும் நாளைக் காலை கூப்பிடப்போகிறேன்.

இப்படி வீட்டுக்கு வந்து அமைத்துக் கொடுத்த சில்லர் உங்களிடம் இருந்து, நத்தைகள் மட்டும் கீழே விழுந்துகொண்டிருந்தால், இன்றைக்கே அதை நிறுத்திவிட்டு ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டுப் பிரித்துப் பாருங்கள்.