ஹட்டன் தையல் கடையில் 27 வருட எஃப்.எம். அனுபவம்

இலங்கையின் மலைநாட்டு ஊரான ஹட்டனில் என் தையல் கடையைத் திறந்தால் முதலில் விளக்கு, அடுத்தது சாமி படத்துக்கு ஊதுபத்தி, மூன்றாவது ரேடியோ. 1998இல் சூரியன், சக்தி என்று இரண்டு தனியார் தமிழ் வானொலிகள் கொழும்பிலிருந்து ஒலிக்கத் தொடங்கின. அதே ஆண்டில்தான் நான் சொந்தமாக முதல் தையல் மெஷின் வாங்கினேன். பின்னர் 2008இல் வெற்றி என்ற வானொலியும் வந்தது. எதற்கும் நான் விசுவாசி இல்லை. எதில் இரைச்சல் குறைவோ, எதில் அறிவிப்பாளரின் பேச்சு குறைவோ, அதில் முள்ளை நிறுத்திவிட்டுத் துணி வெட்டப் போய்விடுவேன்.

அப்பா காலத்திலும் வர்த்தக ஒலிபரப்பு இருந்தது. ரேடியோ சிலோனின் வர்த்தக சேவை 1950 செப்டம்பரில் தொடங்கியது. எஸ்.பி. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம் என்று அந்தக் கால அறிவிப்பாளர்களை அப்பா சொல்லும்போது ஏதோ சொந்தக்காரர்களின் பெயரைச் சொல்வதுபோல இருக்கும். அப்போது ரேடியோ வைத்திருக்கவே உரிமம் எடுக்க வேண்டும். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் ஒரே ஒரு பெட்டிதான். சாயங்காலம் பறித்த தேயிலைக் கொழுந்தை எடைபோட்டுவிட்டு வருகிறவர்கள் எங்கள் வாசலில் கூடைகளை இறக்கிவைத்துவிட்டு நிற்பார்கள், பாட்டுக்காக மட்டுமல்ல, மரண அறிவித்தலுக்காகவும். மஸ்கெலியாவில் ஒருவர் செத்தால் பண்டாரவளையில் கட்டிக்கொடுத்த மகளுக்குச் செய்தி போகத் தந்தியைவிட அதுதான் நம்பகமான வழி. தோட்டத்தின் பெயர், டிவிசன், இறந்தவர் யாருடைய தகப்பன், யாருடைய மாமன் என்று நிதானமாக வாசிப்பார்கள்.

தனியார் எஃப்.எம். வந்தபோது அதில் பிறந்தநாள் வாழ்த்து இருந்தது, மரண அறிவித்தல் இல்லை. "செத்தவனுக்கு அந்த ரேடியோ, பிறந்தவனுக்கு இந்த ரேடியோவா?" என்று அப்பா கேட்டார். கடைசி வரை அவர் முள்ளை மாற்றவில்லை.

எனக்குப் பாட்டின் தெளிவே போதும் என்றிருந்தது. மத்திய அலை மலையைச் சுற்றி வளைந்து எப்படியோ வந்து சேரும், ஆனால் கரகரப்போடு வரும். பண்பலை, அதாவது எஃப்.எம்., அப்படியில்லை. அது ஏறக்குறைய நேர்கோட்டில் போவது. கோபுரத்துக்கும் நமக்கும் நடுவில் ஒரு மலை நின்றால் மறைந்துவிடும், இல்லையென்றால் பக்கத்தில் நின்று பாடுவதுபோல் கேட்கும். அதனால்தான் ஒரே வானொலிக்கு ஊருக்கு ஊர் வேறு எண். ஹட்டனில் பிடித்த இடத்தில் பதுளையில் பிடிக்காது. பனிமூட்டத்தால் கேட்கவில்லை என்று இங்கே எல்லாரும் சொல்வார்கள். பாவம், பனி மேல் வீண்பழி. எதிர்மலையில் பட்டுத் திரும்பும் அலையும் நேராக வரும் அலையும் மோதிக்கொள்கிற இடத்தில் பெட்டி இருந்தால் ஓசை கெடும். ஒரு சாண் நகர்த்திவைத்தால் சரியாகிவிடும். நான் என் மேசையில் அந்த இடத்தைக் கண்டுபிடித்துத் தையல் சுண்ணாம்பால் கோடு போட்டேன். துணி தேய்த்துத் தேய்த்துக் கோடு அழியும், மறுபடி போடுவேன். ஏரியல் ஒடிந்த பிறகு துணி காயப்போடும் கம்பியில் ஒரு முழம் வெட்டி முறுக்கிவிட்டேன். பத்து வருடமாக அதுதான் ஏரியல்.

பாட்டுக்கு நூற்றுக்குத் தொண்ணூறு கொடுப்பேன். இரவு எட்டு மணிக்குமேல் பழைய பாட்டுகள் போகிற நேரத்தில் காஜா எடுக்கும் வேலையை வைத்துக்கொள்வேன். கை தானாகவே ஓடும். விளம்பரத்துக்குப் பத்துகூடக் கொடுக்க மாட்டேன். தீபாவளி மாதம் வந்தால் இரண்டு பாட்டுக்கு நடுவில் ஒரு ஊர்க் கடைத்தெருவையே நடந்து முடித்துவிடலாம்.

என் உண்மையான மனத்தாங்கல் வேறு. அம்மாவின் அறுபதாவது பிறந்தநாளுக்கு ஒரு வானொலிக்குக் குறுஞ்செய்தி அனுப்பினேன், ஒன்றுக்கு மூன்றாக. எந்த வானொலி என்பது இப்போது முக்கியமில்லை. கட்டணம் மூன்றுக்கும் போனது. அம்மாவை எண்ணெய் தேய்த்துக் குளிக்கவைத்து, புதுச்சேலை கட்டவைத்து ரேடியோ முன்னால் உட்காரவைத்தோம். அம்மாவின் பெயர் வந்தது. தோட்டத்தின் பெயரை அறிவிப்பாளர் இரண்டு தடவை தடுமாறிவிட்டு, "மலையகத்திலிருந்து" என்று முடித்துக்கொண்டார். அம்மா சிரித்துக்கொண்டுதான் எழுந்தார். எனக்குத்தான் சுருக்கென்றது. எங்கள் தோட்டங்களுக்கு வெள்ளைக்காரன் எழுதிவைத்த பெயர் ஒன்று, எங்கள் வாயில் வழங்கும் பெயர் ஒன்று. இரண்டையும் தெரிந்த ஒருவர் அந்த அறையில் இருந்திருந்தால் போதும்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது இதே விஷயம் வேறு உருவில் வந்தது. மின்சாரம் இல்லை, கைபேசிக்குக் கோபுரம் இல்லை. என் கடைப் பெட்டி பெரிய பேட்டரி நான்கு போட்டு ஓடுவது, அது மட்டும் பேசிக்கொண்டிருந்தது. மண்சரிவு எச்சரிக்கையை கொத்மலை, வலப்பனை, அம்பகமுவ என்று பிரதேச செயலாளர் பிரிவு வாரியாக வாசித்தார்கள். விடிய விடிய வாசித்தவர்களைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் கடைக்குள் ஒதுங்கி நின்ற பத்துப் பேரில் பாதிப் பேருக்குத் தங்கள் தோட்டம் எந்தப் பிரிவில் வருகிறது என்று தெரியவில்லை. ஒவ்வொருவருக்கும் நான் தாள் கிழித்து எழுதிக் கொடுத்தேன், அளவு எழுதும் பென்சிலால்.

ரேடியோ வாங்க நினைப்பவர்கள் பேட்டரியிலும் ஓடுகிற, முள் திருகிப் பிடிக்கிற பெட்டியாக வாங்குங்கள். கைபேசியில் எஃப்.எம். இருந்தால் அதற்குக் காதில் மாட்டும் செவிப்பொறியின் கம்பிதான் ஏரியல், கம்பியில்லாததை மாட்டினால் உதவாது. புதிய கைபேசிகள் பலவற்றில் அந்த வசதியே இல்லை. இணையச் செயலியில் கேட்கலாம், ஆனால் டேட்டா தின்னும், தாமதமாகவும் வரும்.

அந்தத் தாமதத்தால் எனக்கு ஒரு லாபம் உண்டு. பக்கத்து சலூன்காரர் செயலியில்தான் கேட்பார். அவருடைய கைபேசியில் வருவது என் பெட்டியில் வந்து அரை நிமிடம் கழித்துத்தான். காலைப் போட்டியில் கேள்வி அங்கே வருவதற்குள் இங்கே விடையே வந்துவிடும். பலகைச் சுவர் வழியாக நான் விடையைக் கத்துவேன். தோற்றவர் பிளேன்டீ வாங்கித் தர வேண்டும் என்பது பந்தயம். ஒரு மாதம் அவர் செலவில் குடித்தேன். பிறகு ஒரு நாள் கத்தரிக்கோல் சாணை பிடிக்க என் கடைக்குள் வந்தவர், என் ரேடியோ சிரித்து முடித்த பிறகு தன் கடைக் கைபேசி அதே சிரிப்பைச் சிரிப்பதைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டார்.