'புதியது' என்ற பெயரில் கைமாறிய கேமரா: சூப்பர்ஜூம் வாங்க இருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

பறவைகளைப் படமெடுக்க வேண்டும் என்ற ஆசையில் பல மாதங்கள் பணம் சேர்த்து, உயர்விலைப் பிரிட்ஜ் கேமரா (லென்ஸைக் கழற்ற முடியாத, நீண்ட ஜூம் கொண்ட சூப்பர்ஜூம் வகை) ஒன்றை இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் வாங்கினேன். 'புத்தம் புதியது, பெட்டி மட்டும் பிரிக்கப்பட்டது' என்று விளம்பரத்தில் எழுதியிருந்தார். வந்து சேர்ந்ததோ, வேறொருவர் மாதக்கணக்கில் பயன்படுத்திய, உள்ளே தூசி புகுந்த கேமரா. அது எனக்குத் தெரிய வந்தபோது, திருப்பி அனுப்புவதற்கான 10 நாள் கெடு முடிந்து மேலும் 9 நாள்கள் ஓடிவிட்டன. இவ்வகைக் கேமராவின் குறைகள் எந்த இடத்தில் மறைந்திருக்கும் என்பது விற்றவருக்குத் தெரிந்திருந்தது, எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் ஏமாந்தேன். வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: இது மோசமான கேமரா வகை அல்ல. முழுச்சட்டகக் கேமராவில் (36க்கு 24 மி.மீ. சென்சார் உள்ளது) 24 மி.மீ. அகலக் காட்சி முதல் 600 மி.மீ. தூரக் காட்சி வரைக்குச் சமமான காட்சிப் பரப்பை ஒரே லென்ஸில் அடக்கி, ஏறக்குறைய 1.1 கிலோ எடையில் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு நாள் முழுவதும் நடக்க முடிகிறது என்பது உண்மையிலேயே பெரிய வசதி. ஓசையே இல்லாமல் படமெடுக்கலாம், பக்கத்துக் கிளையில் உள்ள குருவிகூடத் திரும்பிப் பார்ப்பதில்லை. முழு ஜூமில் முக்கால் மீட்டர் தூரத்துப் பட்டாம்பூச்சியை எடுத்தால் அதன் இறகுச் செதில்கள் வரை தெரிகின்றன. நல்ல வெயிலில் இந்தக் கேமராவின் மேல் எனக்கு இன்றும் குறையில்லை.

ஆனால் விற்றவர் இந்த உண்மையான நிறைகளைச் சொல்வதோடு நிற்கவில்லை. '600 மி.மீ., எஃப் 4. பெரிய லென்ஸ் வைத்திருப்பவர்கள் மாலை மங்கலில் எடுப்பதையெல்லாம் இதில் எடுக்கலாம்' என்று தொலைபேசியில் உறுதி கூறினார். (எஃப் எண் என்பது லென்ஸில் ஒளி புகும் திறப்பின் அளவு; எண் சிறியதானால் திறப்பு பெரியது.) அது தவறு. இதன் உண்மையான குவியத்தூரம் 220 மி.மீ. மட்டுமே, படத்தைப் பதியும் சென்சார் சிறியதாக இருப்பதால்தான் 600 மி.மீ. காட்சி கிடைக்கிறது. '1 அங்குலச் சென்சார்' என்பதும் பழைய வீடியோ குழாய்களின் வெளிவிட்டத்தை வைத்து வந்த பெயரே ஒழிய அளவு அல்ல. அளந்தால் 13.2க்கு 8.8 மி.மீ. தான் இருக்கும், அதாவது முழுச்சட்டகச் சென்சாரின் பரப்பில் ஏழில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. எஃப் 4 என்பதால் ஷட்டர் வேகம் குறையாது என்பது சரிதான். ஆனால் சென்சாருக்கு வந்து சேரும் மொத்த ஒளி அந்த விகிதத்தில்தான் இருக்கும். மாலையில் ஐஎஸ்ஓவை (ஒளியுணர்திறன் அமைப்பை) 3200க்கு உயர்த்தியபோது மீன்கொத்தியின் மார்பு இறகுகள் புள்ளிப்புள்ளியாகக் கலங்கிப்போயின. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருந்த '1200 மி.மீ.' என்பதும் டிஜிட்டல் ஜூம்தான், அதாவது இருக்கிற படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குவது. அதைக் கணினியில் நாமே செய்துகொள்ளலாம்.

இதையெல்லாம் மிகைப்படுத்திப் பேசும் வியாபார வழக்கம் என்று பொறுத்துக்கொண்டிருப்பேன். பொறுக்க முடியாதது தூசி.

முதல் இரண்டு வாரம் வீட்டுக்குள்ளும் தோட்டத்திலும் அபர்ச்சரை (ஒளி புகும் அந்தத் திறப்பை) அகலத் திறந்துவைத்தே எடுத்தேன். படங்கள் தெளிவாக இருந்தன. ஒருநாள் உச்சிவெயிலில் வெறும் நீல வானத்தில் பறந்த கொக்கு ஒன்றை, முழு ஜூமில் அபர்ச்சரை எஃப் 8க்குச் சிறிதாக்கி வரிசையாக எடுத்தேன். கணினித் திரையில் பார்த்தபோது இடது மேல்மூலையில் மூன்று சாம்பல் நிற வட்டங்கள் தெரிந்தன. அடுத்த படத்திலும் அதே இடத்தில் அதே மூன்று. கொக்கு நகர்ந்தது, அவை நகரவில்லை. திரையைத் துடைத்தேன், லென்ஸின் முன்கண்ணாடியைத் துடைத்தேன், மறுபடி எடுத்தேன். அவை அப்படியே இருந்தன. சென்சாருக்கு மேலே உள்ள கண்ணாடியில் தூசி படிந்தால் இப்படித்தான் தெரியும்: அபர்ச்சர் அகலத் திறந்திருக்கும்போது நிழல் கரைந்துவிடும், சிறுத்தால் வட்டமாகத் திரண்டு நிற்கும். லென்ஸைக் கழற்றக்கூடிய கேமராவாக இருந்தால் காற்று ஊதியால் ஊதிவிட்டு வேலையைப் பார்க்கலாம். இதில் லென்ஸ் உடலோடு ஒட்டியது. முழுவதும் பிரித்தால் ஒழிய உள்ளே கை போகாது. ஜூம் நீண்டு சுருங்கும் ஒவ்வொரு முறையும் காற்று உள்ளே போய் வெளியே வருகிறது, அதோடு தூசியும் சேர்ந்துகொள்கிறது. பல மாதம் வெளியில் அலைந்த கேமராவில் அது நேர்வது இயல்பு. புதிய கேமராவில் அது எப்படி வந்தது என்று என்னையே கேட்டுக்கொண்டபோதுதான் எனக்கு மற்றவை நினைவுக்கு வந்தன.

புதிய மெமரி கார்டைப் போட்டு நான் எடுத்த முதல் படத்தின் கோப்பு எண் 6214. அன்று அதை ஏதோ அமைப்பு என்று நினைத்து விட்டுவிட்டேன். ஃபிளாஷ் பொருத்தும் தண்டவாளத்தின் கறுப்புப் பூச்சு இரண்டு விளிம்பிலும் தேய்ந்து உலோகம் மின்னியதையும், அடியில் ட்ரைபாட் திருகுத் துளையைச் சுற்றி வட்டமாகக் கீறல் இருந்ததையும் அன்றே பார்த்தேன், மகிழ்ச்சியில் பொருட்படுத்தவில்லை.

விற்றவரிடம் கேட்டால், நான்தான் தூசியில் பயன்படுத்தினேன் என்றார். சர்வீஸ் மையத்திலோ சீரியல் எண்ணைப் பார்த்த உடனேயே, நான் வாங்குவதற்கு 7 மாதங்களுக்கு முன்பே அது ஒருவர் பெயரில் பதிவாகியிருப்பதாகவும், வாரண்டி அந்த நாளிலிருந்தே எண்ணப்படும் என்றும் சொன்னார்கள். தூசி வாரண்டியில் வராது, லென்ஸ் தொகுதியையே மாற்றினால்தான் உறுதி கூற முடியும், அதற்குக் கேமரா விலையில் பாதிக்கு மேல் ஆகும் என்றும் எழுத்தில் கொடுத்தார்கள். அந்தக் கடிதத்தை அனுப்பிய பிறகு விற்றவர் என் எண்ணை எடுப்பதே இல்லை.

ஆகவே, கேமரா கைக்கு வந்த அன்றே இதைச் செய்யுங்கள். பெட்டியைப் பிரிப்பதிலிருந்தே வீடியோ எடுங்கள். காலியான கார்டைப் போட்டு முதல் படத்தின் எண்ணைப் பாருங்கள். அதைத் திருத்தி அமைக்க முடியும் என்பதால் சிறிய எண் வந்தால் மட்டும் நிம்மதி அடைய வேண்டாம். முழு ஜூமில், அபர்ச்சரை இயன்றவரை சிறிதாக்கி, வெறும் வானத்தையோ வெள்ளைச் சுவரையோ ஃபோகஸ் கலைத்து எடுத்துத் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். அதே ஜூமில் அபர்ச்சரைத் திறந்துவைத்து, தூரத்துச் செங்கல் சுவர் ஒன்றை நேருக்கு நேர் நின்று எடுத்து, இடது ஓரமும் வலது ஓரமும் ஒரே அளவு தெளிவாக உள்ளனவா என்று ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் மங்கினால் கேமரா எங்கோ விழுந்து கண்ணாடிகள் மையம் விலகியிருக்கலாம். சீரியல் எண்ணைப் பணம் கொடுக்கும் முன்பே கேட்டு வாங்கி, தயாரிப்பாளரிடம் அது ஏற்கெனவே பதிவாகியுள்ளதா என்று விசாரியுங்கள். தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

நேற்று மாலை பார்த்தபோது அதே விற்பனையாளர், அதே வகைக் கேமராவை, 'பெட்டி மட்டும் பிரிக்கப்பட்டது' என்ற அதே வரியோடு மீண்டும் விற்பனைக்கு வைத்திருக்கிறார்.